தெரிந்த கேள்விதான், எழுத வரவில்லை

விடைத்தாள் திருத்துபவர்:

திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படுகிற தாள் ஒன்று உண்டு. முதல் நான்கு விடைகள் பக்கம் பக்கமாக ஓடும். கடைசி இரண்டு கேள்விகளுக்கு நான்கு வரி, அல்லது வெறும் கேள்வி எண். அந்தப் பிள்ளை படிக்கவில்லை என்று சொல்ல முடியாது; மணி பார்த்து எழுதிப் பழகவில்லை, அவ்வளவுதான்.

100 மதிப்பெண், 180 நிமிடம் என்று வையுங்கள். வினாத்தாளை வாசித்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்க 5 நிமிடம், கடைசியில் சரிபார்க்க 10 நிமிடம். மிச்சம் 165. அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம். 10 மதிப்பெண் கேள்விக்கு 16 நிமிடம், 2 மதிப்பெண் கேள்விக்கு 3 நிமிடம். அதற்குமேல் ஒரு கேள்வியில் உட்காராதீர்கள். பத்துக்கு முதல் 6 மதிப்பெண் சுலபமாக வந்துவிடும். எட்டை ஒன்பதாக்கத்தான் பாடுபட வேண்டும். அந்த நேரத்தில் தொடாத கேள்வி ஒன்றில் 5 எடுத்துவிடலாம்.

16 நிமிடத்தில் உங்கள் கையெழுத்தில் எத்தனை பக்கம் வரும்? வீட்டில் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டரைப் பக்கம்தான் வரும் என்றால், ஆறு பக்க விடையை மனப்பாடம் செய்வது வீண் வேலை. எதை விடுவது என்று தேர்வறையில் யோசிக்க ஆரம்பித்தால் அங்கேயே இரண்டு நிமிடம் போய்விடும்.

இன்னொன்று, கேள்வியின் வினைச்சொல். ‘ஒப்பிடுக’ என்று கேட்டால் முதல் பத்தியில் ஒன்றையும் அடுத்த பத்தியில் மற்றொன்றையும் விவரித்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அது இரண்டு விளக்கம், ஒப்பீடு ஆகாது. எந்த அடிப்படையில் வேறுபடுகின்றன என்று வரிக்கு வரி எதிரெதிரே வர வேண்டும். ‘மதிப்பிடுக’ என்றால் நிறை, குறை இரண்டையும் சொல்லி உங்கள் முடிவு என்ன என்பதையும் எழுத வேண்டும். முடிவில்லாமல் நிற்கும் விடைகள் ஏராளம்.

நினைவாற்றல் பற்றிப் பாடம் நடத்துபவர்:

இது தேர்வறைக்கு முன்பே தொடங்குகிற கோளாறு. புத்தகத்தை மூன்றாவது முறை வாசிக்கும்போது வரிகள் பழகிய முகமாகத் தெரியும். ‘தெரியும்’ என்று தோன்றிவிடும். பார்த்தால் அடையாளம் காண்பது வேறு, பார்க்காமல் வரவழைப்பது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு குழு ஒரே பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழு முந்தியது: வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. முதல் நாள் ஏற்படும் திருப்தி ஏமாற்றுவது இப்படித்தான்.

செய்முறை இது. 40 நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் 10 நிமிடம் ஞாபகத்தில் இருப்பதை எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் வேறு நிறப் பேனாவால் சேருங்கள். அடுத்த முறை அந்த நிறத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். மார்க்கர் பேனாவால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசுவதற்கு ஆகும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

இடைவெளியும் முக்கியம். செபீடா என்ற உளவியலாளரின் குழு செய்த 2008 ஆய்வில், கடைசியாகப் படித்து 7 நாள் கழித்துச் சோதித்தபோது இரண்டு படிப்புகளுக்கும் நடுவே 1 நாள் இடைவெளியும், 35 நாள் கழித்துச் சோதித்தபோது ஏறக்குறைய 11 நாள் இடைவெளியும் நல்ல பலன் தந்தன. ஒரே ராத்திரியில் ஐந்து முறை படிப்பது இதற்கு நேர் எதிர்.

கணக்குப் பாடங்கள் எடுப்பவர்:

எங்கள் பக்கத்தில் இதே நோய்க்கு வேறு பெயர்: தீர்த்து வைத்த கணக்கை வாசிப்பது. ஒவ்வொரு வரியும் புரியும். ஆனால் அடுத்த வரி என்ன என்று கேட்டால் பேனா நகராது. விடையை ஒரு தாளால் மூடி, ஒரு வரி எழுதி, ஒரு வரி இறக்கிப் பாருங்கள். எங்கே நின்றீர்களோ அதுதான் உங்களுக்குத் தெரியாத இடம்.

ஒரே வகைக் கணக்கை இருபது முறை போடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. எந்தச் சூத்திரம் என்பது தலைப்பைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. நான்கு அத்தியாயங்களிலிருந்து தலா மூன்று எடுத்து, கலைத்துப் போட்டுச் செய்யுங்கள்.

கால்குலேட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கே சும்மா போகிற மதிப்பெண் அதிகம். தேர்வறையில் முதலில் சைன் 30 தட்டுங்கள். 0.5 வந்தால் டிகிரி. −0.988 வந்தால் ரேடியனில் நிற்கிறது. லாக் (log), எல்என் (ln) இரண்டு பொத்தானையும் குழப்புவது அடுத்தது: 10-க்கு லாக் 1, எல்என் 2.303. நடுவில் தசமத்தை வெட்டாதீர்கள். 1/3 என்பதை 0.33 ஆக்கி 600-ஆல் பெருக்கினால் 198. உண்மை விடை 200. நினைவகப் பொத்தானில் முழு எண்ணையும் வைத்துக்கொண்டு கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள். முந்தின நாள் கடன் வாங்கிய புதுக் கால்குலேட்டரோடு போகவே போகாதீர்கள். எந்த மாடலுக்கு அனுமதி என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எழுதும் வரிசை: சூத்திரம், மதிப்புகளைப் பிரதியிடுதல், விடை, அலகு. சூத்திரமே எழுதாமல் தவறான விடை மட்டும் இருந்தால் இடைப்பட்ட படிநிலைகளுக்கான மதிப்பெண் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க இடமில்லை.

மாணவி:

ஒரு யூனிட்டை அப்படியே விட்டுவிடலாமா சார்? பழைய வினாத்தாள் மட்டும் பார்த்தால் போதுமா?

விடைத்தாள் திருத்துபவர்:

வினாத்தாள் அமைப்பைப் பொறுத்தது அம்மா. ‘எட்டில் ஐந்துக்கு விடையளி’ என்று மொத்தத்தில் சாய்ஸ் இருந்தால் ஒன்றை விட இடமிருக்கும். ‘அ அல்லது ஆ’ என்று இரண்டும் அதே யூனிட்டிலிருந்து வந்தால், விட்ட யூனிட்டின் மதிப்பெண் முழுசாகப் போகும். பழைய தாள்கள் ஐந்தை எடுத்து யூனிட் வாரியாக மதிப்பெண்ணைக் கட்டம் போட்டுக் கூட்டுங்கள், அரை மணி நேர வேலை. அதற்கு முன் அந்தத் தாள்கள் இப்போதைய சிலபஸுக்கு உரியவைதானா என்று பாருங்கள். மாறிய சிலபஸுக்குப் பழைய தாளை நம்பினால், ‘முக்கியக் கேள்வி’ என்று படித்த அத்தியாயமே இப்போது இல்லாமல் போயிருக்கும்.

நினைவாற்றல் பற்றிப் பாடம் நடத்துபவர்:

முந்தின இரவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்கு நிகராகச் செயல்திறன் குறைகிறது. காபியிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். புதுப் பாடம் எதையும் அன்று தொடாமல், அந்த வேறு நிறப் பேனா வரிகளை மட்டும் ஒரு முறை ஓட்டிவிட்டுப் படுங்கள்.

தேர்வறைக் கண்காணிப்பாளர்:

என் பங்குக்குச் சில. வினாத்தாள் கைக்கு வந்ததும் பாடக் குறியீட்டைப் பாருங்கள், பெயர் ஒத்த இரண்டு பாடங்கள் மாறிப்போவது உண்டு. பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கக் கேள்வியைக் கவனிக்காமல் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். ‘11 அ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘11’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே கேள்விக்கு இரண்டு விடை எழுதியிருந்தால் வேண்டாததைத் தெளிவாக அடித்துவிடுங்கள். ஆனால் மாற்று விடையை எழுதி முடிக்கும்வரை பழையதை அடிக்க வேண்டாம், நேரம் தீர்ந்தால் கையில் ஒன்றாவது மிஞ்சும். கூடுதல் தாள் வாங்கியவுடனே அதில் பதிவெண்ணும் வரிசை எண்ணும் போடுங்கள். கடைசி மணி அடித்த பிறகு அடுக்கிக் கட்டுகிற அவசரத்தில்தான் தாள்கள் இடம் மாறுகின்றன.