டயர் சைஸ் மாற்றிய பிறகு ஸ்பீடோமீட்டர் எவ்வளவு தவறுகிறது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

டயர் சைஸ் மாற்றலாமா என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வருகிறது. மாற்றி ஓட்டியவர்கள் அளந்து பார்த்ததை எழுதினால் அடுத்தவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

என் காரோடு வந்த டயர் 195/65 ஆர்15. டயரின் பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேடுகள், தேய்ந்து மாற்றும் கட்டத்துக்கு வந்தபோது, அதே ரிம்மில் 215/65 போட்டால் வண்டி கொஞ்சம் உயரும் என்று கடையில் சொன்னார்கள். எனக்கும் ஆசை இருந்தது. பழைய டயரைக் கழற்றுவதற்கு முன் ஒன்று செய்தேன். மேடு பள்ளமில்லாத நேர்ச்சாலையில், ஸ்பீடோமீட்டர் முள்ளை 100-இல் அசையாமல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் படிக்கச் சொன்னேன். 95 என்றார். இரண்டு திசையிலும் ஓட்டினோம், அதே 95 தான்.

இந்த 5 கி.மீ. வித்தியாசம் பழுது இல்லை, வேண்டுமென்றே வைப்பது. ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் எண் விதிமுறைப்படி, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. அதாவது நிஜமாக 100-இல் போகும்போது முள் 114 வரை நிற்கலாம், 99-இல் நிற்கக் கூடாது. அதனால்தான் கம்பெனிகள் கொஞ்சம் தூக்கியே காட்டும்படி வைக்கின்றன.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை வைத்துத்தான் வேகம் சொல்கிறது, டயர் பெரிதானால் அதே சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும், அதனால் டயரின் விட்டம்தான் முக்கியம். 195 மி.மீ. அகலத்தில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 126.75. மேலும் கீழும் சேர்த்து 253.5. 15 அங்குல ரிம் என்பது 381 மி.மீ. ஆக மொத்த விட்டம் 634.5. இதே மாதிரி 215/65-க்குப் போட்டால் 660.5 வருகிறது. 4.1 சதவீதம் பெரிது. 95-ஐ 4.1 சதவீதம் கூட்டினால் 99 தானே, தாராளமாகப் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நான் 95 என்று அளந்தது தேய்ந்த டயரில். புது டயரில் பட்டனின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும், மாற்றியே ஆக வேண்டிய அளவு 1.6. மேல் கீழ் இரண்டு பக்கமும் தேய்வதால் விட்டத்தில் 12.8 மி.மீ. போய்விடுகிறது, 2 சதவீதம். சைஸை மாற்றாமல் அதே அளவில் புது டயர் போட்டாலே 95 என்பது 97 ஆகிவிடும். புது 215/65 போட்டால் 101. முள் 100 காட்டும்போது வண்டி 101-இல் போகும். கம்பெனி வைத்திருந்த இடைவெளி முழுக்கத் தீர்ந்து, ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கிவிடும்.

அதனால் 205/65-இல் நின்றுகொண்டேன். விட்டம் 647.5, பழைய சைஸைவிட 2 சதவீதம்தான் அதிகம். போட்ட பிறகு அதே சாலையில் பார்த்தபோது முள் 100, ஜிபிஎஸ் 99. கணக்கும் சாலையும் ஒத்துப்போனதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மற்றவர்கள் எழுதுங்கள்.

* * *

நல்ல தொடக்கம் நண்பரே. நான் உங்களைவிடப் பெரிய மாற்றமாகச் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். கரடுமுரடான பாதையில் அடிக்கடி போக வேண்டியிருப்பதால் 195/65 ஆர்15-ஐ எடுத்துவிட்டு 205/65 ஆர்16 போட்டேன். விட்டம் 672.9 மி.மீ., 6 சதவீதம் அதிகம். வண்டி உயர்ந்தது அதில் பாதிதான், சுமார் 19 மி.மீ. இதைப் பலர் கவனிப்பதில்லை. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும்.

முதல் நாளே தெரிந்தது பிக்கப்பில். மேட்டில் மூன்றாவது கியரில் சிரமமில்லாமல் ஏறிக்கொண்டிருந்த வண்டி, இப்போது இரண்டாவதைக் கேட்கிறது. டயர் பெரிதானால் எல்லாக் கியரும் 6 சதவீதம் நீண்ட மாதிரி. முன்பு 3000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) போன உண்மை வேகத்துக்கு இப்போது சுமார் 2830 போதும். நெடுஞ்சாலையில் சத்தம் குறைந்து சுகமாக இருக்கிறது. ஆனால் இழுவையும் அதே அளவு குறைகிறது. பிரேக்கும் அப்படித்தான்: சக்கரத்தின் ஆரம் கூடினால், அதே நிறுத்தும் விசைக்கு மிதியை இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கிறது.

மைலேஜ் பற்றி ஒரு வார்த்தை. பெரிய டயர் போட்டவர்கள் மைலேஜ் படுத்துவிட்டது என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். தூரம் காட்டும் ஓடோமீட்டரும் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு முன்பு லிட்டருக்கு 14 கிடைத்தது. டயர் மாற்றிய பிறகு 40 லிட்டருக்கு ஓடோமீட்டர் 500 கி.மீ. காட்டியது, அதாவது 12.5. ஆனால் வண்டி உண்மையில் ஓடியது 530. அப்படிப் பார்த்தால் 13.25. குறைந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பார்வைக்குத் தெரிந்ததில் பாதிதான் குறைந்திருக்கிறது. சர்வீஸ் கணக்கும் இப்படித்தான். மீட்டரில் 10,000 வரும்போது வண்டி 10,600 ஓடியிருக்கும்.

என் காரில் ஸ்கேனர் (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) வைத்து டயரின் சுற்றளவை மாற்றி எழுத வழி இருந்தது. எழுதிய பிறகு வேகமும் தூரமும் சரியாகிவிட்டன. எல்லாக் காரிலும் இந்த வசதி கிடையாது, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிக்கப்பை மட்டும் எந்த ஸ்கேனராலும் திருப்பித் தர முடியாது.

* * *

அண்ணே, என் கதை நேர்மாறானது. எனக்கும் கம்பெனி டயர் 195/65 ஆர்15 தான், அதை எடுத்துவிட்டு 225/45 ஆர்17 போட்டேன். விட்டம் 634.3, கம்பெனி சைஸுக்கும் இதற்கும் 0.2 மி.மீ. தான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டரில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் வண்டி மாறிவிட்டது. வளைவில் ஸ்டியரிங் திருப்பியதும் உடனே கேட்கிறது, அது உண்மையிலேயே பிடித்திருக்கிறது. ஆனால் நான் வாங்கிய 17 அங்குல அலாய் பழைய ரிம்மைவிடக் கனம். சிக்னலில் கிளம்பும்போது அந்தக் கனம் தெரிகிறது. சுற்ற வேண்டிய எடையும், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையும் கூடியதன் விளைவு. பக்கச் சுவர் 127-இலிருந்து 101 மி.மீ.க்கு வந்துவிட்டதால் பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகிறது. மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும், அங்கே நான் வேகத்தைக் கட்டாயம் குறைத்துவிடுகிறேன். ஸ்பீடோமீட்டர் சரியாக இருப்பதை வைத்து மற்ற எல்லாமும் சரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

* * *

நான் பல வருடம் மெக்கானிக் வேலை பார்த்தவன். ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே மேலே வந்து, மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அது தொடாமலே ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், முள் நகரும். 1902-இல் ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. அதில் டயர் அளவு தவறினால் முள்ளும் தூரக் கணக்கும்தான் தவறும். இன்றைய கார்களில் பெரும்பாலும் ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) வைத்த சக்கர சென்சார்களிலிருந்தே வேகத்தை எடுக்கிறார்கள். ஒரு சக்கரம் மட்டும் வேறு அளவில் இருந்தால் ஏபிஎஸ்ஸும் குழம்பலாம். காற்றழுத்த எச்சரிக்கையைச் சக்கர வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் கார்களில், காற்று சரியாக இருந்தும் அந்த விளக்கு எரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன்னும் பின்னும் வேறு வேறு விட்டம் போடவே கூடாது. முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இணைக்க நடுவில் இருக்கும் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடாகிக் கெடும்.

* * *

முதல் பதிவை எழுதியவன்தான். மூன்று சதவீதம் வரை பரவாயில்லை என்கிறார்களே, சரியா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். அது பொதுவான வழிகாட்டி. ஆனால் உங்கள் காரில் கம்பெனி எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. 5 விட்டிருந்தால் மூன்று தாங்கும், 2 விட்டிருந்தால் தாங்காது. அதனால் முதலில் அளங்கள், அளக்கும்போது டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் குறித்துவையுங்கள். ஜிபிஎஸ் இல்லையென்றாலும் வழி இருக்கிறது: முள்ளை 60-இல் நிறுத்தி, கிலோமீட்டர் கல்லுக்குக் கல் எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். 60 வினாடிக்கு மேல் ஆனால் மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது, குறைந்தால் குறைவாகக் காட்டுகிறது.

வாங்கும்போது டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 88 என்றால் 560. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உங்கள் காருக்கான அளவும் காற்றழுத்தமும் இருக்கும். அளவு எதுவானாலும் கதவு அட்டைக்கு ஏற்ற எடை எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். பொருத்தியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, பின் சீட்டில் ஆள் ஏற்றி, வீல் ஆர்ச்சுக்குள் எங்காவது உரசுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.