ரத்தான எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட், லேண்ட்மார்க்: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி (அனுபவப் பகிர்வு)

கொட்டாஞ்சேனைக்_கொத்தனார்

லேண்ட்மார்க் எண்டா, எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட் எண்ட ஒன்லைன் கேமோட சேர்த்து அதே கம்பனி செய்த, ஆக்கள் கல்லுக் கல்லாக் கட்டிற கேம். நேரா விசயத்துக்கு வாறன். ஒரு கிளெய்மில (ஆள் ஒருத்தர் கட்டிறதுக்குத் தனக்கெண்டு பிடிச்ச நிலம்) நிண்ட சுழல் படிக்கட்டு. படியில ஒண்டும் இல்ல. கைப்பிடிதான்! ஈர்க்குச் சுள்ளி மாதிரி மெல்லிசா, ஒரு வளைவுகூட உடையாம மேல வரைக்கும் போகுது. அந்த கேமில ஆகச் சின்னக் கல்லே ஒரு வொக்சல். அந்தக் கைப்பிடியோ அதில கால்வாசி தடிப்பும் இல்ல.

எப்பிடிச் செய்தது எண்டா, வொக்சல் ஒரு மரப்பெட்டி மாதிரி இறுகின சாமான் இல்ல. அந்தக் கேமுக்கு அடியில ஓடினது மிகேல் செபேரோ எழுதின வொக்சல் ஃபார்ம் எஞ்சின்; அதில ஒவ்வொரு வொக்சலும் ரெண்டு விசயத்தை வச்சிருக்கும்: என்ன பொருள், அதின்ட புள்ளி எங்க நிக்குது. ஸ்மூத் டூல் (வழவழப்பாக்கிற கருவி) புள்ளியைத்தான் தள்ளும். தனிக் கல் ஒண்டை வெளியில வச்சு, டூலை ஆகச் சின்ன அளவில விட்டு ஒவ்வொரு தட்டாத் தட்டினா, சுத்தியிருக்கிற புள்ளியெல்லாம் நடுவுக்கு வரும், கல் சுருங்கும். காணாமப் போறதுக்கு முந்தின தட்டில கையை எடுத்திட வேணும். பிறகு அதை செலக்ட் பண்ணிக் கொப்பி எடுத்து வேண்டின இடத்தில ஒட்டலாம், புள்ளிகளும் சேர்ந்தே வரும்.

பிழை வாற இடம் ஒண்டு இருக்கு. பக்கத்துக் கல்லும் அதே புள்ளிகளைத்தான் பாவிக்குது. கைப்பிடியை முதல் ஒட்டிப்போட்டுப் படியைக் கட்டினா, படியின்ட புள்ளி கைப்பிடியின்டதுக்கு மேல எழுதுப்படும். கண்ணுக்கு முன்னாலேயே சுள்ளி வீங்கிக் கட்டையாகும். அதால சுவர், தூண், படி எல்லாம் முடிச்சு, கைப்பிடி கடைசி. ரெண்டுக்கும் இடையில ஒரு வெற்று வொக்சல் விட்டா இன்னும் நல்லம்.

இதை எஞ்சின் எழுதினவரே எதிர்பார்க்கேல்ல. ஆக்கள் தாங்களாக் கண்டுபிடிச்சதை வியந்து செபேரோ தன்ட வலைப்பதிவில எழுதியிருக்கிறார். 2017 பெப்ரவரி 21இல செர்வரோட அந்தப் படிக்கட்டும் போயிட்டுது. மிஞ்சினது மூண்டு நிமிச கிளிப் ஒண்டு, அதுவும் 480பி. அந்த நேரம் இரவு 12இலயிருந்து காலை 8 வரைக்கும் உள்ள கோட்டாவில ஏத்தினது, அதுக்கு மேல தரம் வைக்க டேட்டா காணாது.

நொராத்வாசி

அண்ணா, படிக்கட்டு அருமைதான், ஆனால் தலைப்பில இரண்டு கேமையும் ஒரே சாக்கில கட்டக்கூடாது. ரத்தானது எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட், 2016 மார்ச் 11இல். லேண்ட்மார்க் ரத்தாகவில்லை. அதே ஆண்டு ஜூன் 10இல் 9.99 டொலருக்கு முறையாக வெளிவந்து, பிறகு மூடப்பட்டது.

எனக்கு இன்னமும் கண்ணுக்குள் நிற்பது 2013 ஓகஸ்ட் 2ஆம் திகதி லாஸ் வேகஸில் காட்டிய எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட் டெமோ. கேரன் என்ற சிங்கமுக இனத்து வீரன் சண்டை பிடிக்கிறான், காலடித் தரை உடைகிறது, அவன் கீழே இருக்கும் குகைக்குள் விழுகிறான். அரங்கமே கத்தியது. நாற்பதுக்கு மேற்பட்ட வீரர் வகுப்புகள், எதையும் உடைக்கலாம், செய்த காரியம் உலகில் நிலைத்து நிற்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள்.

அந்த ஒரு காட்சியிலேயே சிக்கல் முழுவதும் இருக்கிறது. உடைந்த தரை அப்படியே இருந்தால், ஒரு கிழமைக்குள் நகரம் முழுக்கக் கிடங்காகிவிடும், புதிதாக வருகிறவனுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. தரை தானாக மூடிக்கொண்டால், உடைத்ததற்கு அர்த்தமில்லை. லேண்ட்மார்க்கில் கிளெய்முக்கு வெளியே வெட்டிய சுரங்கம் கொஞ்ச நேரத்தில் பழையபடி நிரம்பியது இதனால்தான். அதற்கு மேல் எதிரிகளின் நடை வேறு. எந்த வழியால் நடக்கலாம் என்ற வரைபடத்தைச் சாதாரண கேமில் ஒருமுறை செய்து வைத்தால் போதும். இங்கே ஒவ்வொரு உடைப்புக்கும் செர்வர் அந்தத் துண்டைத் திரும்பக் கணக்கிட வேண்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் உடைத்தால்? எதிரிகளுக்குப் புத்தி கொடுக்க வந்த ஸ்டோரிபிரிக்ஸ் குழுவும், 2015 பெப்ரவரியில் கம்பனி சோனியிடமிருந்து கைமாறி டேபிரேக் ஆனபோது இல்லாமல் போனது. ரத்து அறிவிப்பில் தலைவர் ரஸ் ஷேங்ஸ் சொன்ன காரணம், துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விளையாட்டு ரசிக்கும்படி இல்லை என்பது. அந்த வார்த்தையை நான் நம்புகிறேன்.

கல்கிசைப்_பூனை

ரசிக்கும்படி இல்லை எண்டு சொல்லி முடிச்சா, லேண்ட்மார்க்கின்ட 99.99 டொலர் டிரெயில்பிளேசர் பெக் (முன்கூட்டியே உள்ள போற பொதி) வாங்கின ஆக்களுக்கு என்ன பதில்? 2014 ஜனவரி 31 லேண்ட்மார்க் அல்பாவில (முடியாத சோதனைப் பதிப்பு) உள்ள போனது படிக்கட்டுக்காக இல்ல, நெக்ஸ்ட் வரும் எண்ட நம்பிக்கையில. நொராத்வாசி அந்தப் பக்கத்தை விட்டிட்டார்.

சிட்டி ஒஃப் ஹீரோஸ் எண்ட ஒன்லைன் கேமைப் பாருங்கோ. 2012 நவம்பர் 30இல மூடினது. 2019இல செர்வர் கோட் வெளியில வந்து ஆக்கள் தாங்களே நடத்தினாங்க, 2024இல கேமின்ட சொந்தக்காரக் கம்பனி என்சிசொஃப்ட், அப்பிடி நடத்தின ஹோம்கமிங் குழுவுக்கு லைசன்சே குடுத்திட்டுது. லேண்ட்மார்க்குக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல. கட்டினதெல்லாம் செர்வரில இருந்தது, வெளிய எடுக்க வழி இல்ல.

புள்ளிமேகம்

கொத்தனார் அண்ணா, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கிளிப்பிலிருந்து படிக்கட்டின் வடிவத்தை எடுக்கலாம். போட்டோகிராமெட்ரி, அதாவது பல படங்களை ஒப்பிட்டு முப்பரிமாண வடிவம் எடுக்கிற முறை. அதற்கு கொல்மாப் மென்பொருள், காசில்லை.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோக் கருவியால் செக்கனுக்கு 2 படம் வீதம் பிஎன்ஜியாக எடுங்கள். மூன்று நிமிடத்துக்கு 360 படம் வரும். கலங்கியதை எறிந்துவிட்டு 150, 200 வைத்தால் போதும். அடுத்தடுத்த இரண்டு படத்தில் காட்சி ஏறத்தாழ 70 வீதம் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும். கமரா ஒரே இடத்தில் நின்று தலையைத் திருப்பிய பகுதி உதவாது, நடந்து சுற்றிய பகுதிதான் ஆழம் தரும்.

எல்லாரும் அடிபடுகிற இடம் அடுத்தது. திரையின் கீழ் டூல்பாரும், நடுவில் கேமில் நீங்கள் ஓட்டுகிற ஆளும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு கமரா அசையவே இல்லை என்று முடிவெடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மாஸ்க் (எந்த இடத்தைப் பார்க்கக்கூடாது என்று காட்டுகிற மறைப்புப் படம்) செய்து டூல்பாரையும் ஆளையும் வானத்தையும் கறுப்பாக்குங்கள். ஆளின் நிழலையும் விடாதீர்கள்.

கமரா மாதிரியில் சிம்பிள் பின்ஹோலை (லென்ஸ் வளைவே இல்லாத எளிய மாதிரி) தெரிவுசெய்து, எல்லாப் படத்துக்கும் ஒரே கமரா என்று குறியுங்கள். கேம் கமராவுக்கு லென்ஸ் வளைவு கிடையாது. அதைக் கணிக்க விட்டால் நேர்ச் சுவர் வாழைப்பழம் மாதிரி வரும். பொருத்தும்போது எல்லாப் படத்தையும் எல்லாவற்றோடும் ஒப்பிட விடாமல், அடுத்தடுத்த படங்களை மட்டும் ஒப்பிடுகிற வரிசைமுறையைப் போடுங்கள். கேம் கல்லில் ஒரே டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) திரும்பத் திரும்ப வருவதால், சுழல் படியில் மூன்றாம் சுற்றை முதலாம் சுற்று என்று நினைத்து இரண்டையும் ஒட்டிவிடும்.

தூரத்தில் எடுத்த படங்களைக் கழியுங்கள். தூரத்துக் கட்டடத்தை எஞ்சின் குறைந்த விவரத்தில் வரையும், கிட்டப் போகப் போக வடிவமே மாறும். பகல் இரவு மாறுகிற இடத்தில் கிளிப்பை வெட்டி ஒரு பாதியை மட்டும் பாவியுங்கள், இல்லாவிட்டால் நிழல் நகர்ந்து பொருத்தம் குழம்பும். வெறும் வெள்ளைச் சுவரில் பிடிக்கப் புள்ளியே இருக்காது, ஓட்டை விழும். அது சரிக்கட்ட முடியாதது.

கடைசியில் வருகிற மொடலுக்கு அளவு என்று ஒன்று இருக்காது. கிளிப்பில் எண்ணக்கூடிய ஒரு நேர் விளிம்பு, உதாரணமாக 10 வொக்சல் நீளமான படி ஓரம், தெரிந்தால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அதை 10 அலகாக நீட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

நொராத்வாசி

இது தோலை மட்டும்தான் தரும். வொக்சல் எங்கே, புள்ளி எங்கே என்ற விசயம் அதில் இல்லை. கொத்தனார் அண்ணா எழுதிய நுட்பம் முழுக்க உள்ளே இருக்கிறது.

புள்ளிமேகம்

தோல் இருந்தால் அதற்கு மேல் ஒரு வொக்சல் வலையைப் போட்டு, எந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்கலாம். தோலும் இல்லாவிட்டால் எதை அளப்பது?

கொட்டாஞ்சேனைக்_கொத்தனார்

தம்பி, 480பியில கைப்பிடி ரெண்டு பிக்சல் தடிப்பு, சில படத்தில ஒண்டு. அது வராது, பார்த்தாலே விளங்குது. ஆனா படி வரும். 1:10இலயிருந்து 2:05 வரைக்கும் ஒரே பகல் வெளிச்சம், கமரா கீழயிருந்து மேல சுத்திக்கொண்டு போகுது. முதல் படியின்ட ஓரத்தை ஒவ்வொரு ஃபிரேமா எண்ணினன், 14 கல். உள்பக்கத் தூண் 3 கல். கைப்பிடியை அந்தத் தூணிலயிருந்து அளந்து கையால வரையிறன், நீர் மாஸ்க்கை எப்பிடிச் செய்யிறது எண்டு மட்டும் சொல்லும்.