எத்திக்ஸ் பவுல் வட்டாரப் போட்டி: டிபேட் பழகிய பிள்ளைகளுக்கு மார்க் ஏன் ஏறுவதில்லை?

கேரி_அப்பா:
மகளின் பள்ளி டீம் முதல்முறையாக ஹைஸ்கூல் எத்திக்ஸ் பவுல் வட்டாரப் போட்டிக்குப் போகிறது. 'கேஸ்' என்று முன்கூட்டியே தரப்படும் நியாய-தர்மச் சிக்கல்களை இரண்டு அணிகள் அலசிப் பேசும் போட்டி அது. ஐந்தில் நான்கு பேர் டிபேட் கிளப் பிள்ளைகள். நன்றாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் பயிற்சி ரவுண்டில் மார்க் ஏறவில்லை. எதிரணியின் வாதத்தை உடைத்தால் மார்க் கிடையாதா? இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எதைச் சரிசெய்யலாம்?

நடுவர்_மேசை:
உடைப்பதற்கென்று மார்க் கிடையாதுங்க. இரண்டு அணியும் ஒரே நிலைப்பாட்டில் இருந்தாலும் தவறில்லை. ஒவ்வொரு ஜட்ஜும் ஓர் அணிக்கு 60க்குப் போடுவார்: முதல் உரைக்கு 15, எதிரணி சொன்ன கருத்துக்கு அளிக்கும் பதிலுக்கு 10, ஜட்ஜ் கேள்விகளுக்கு 20, எதிரணியின் உரைமேல் சொல்லும் கருத்துக்கு 10, மரியாதையான உரையாடலுக்கு 5. மூன்றில் ஒரு பங்கு ஜட்ஜ் கேள்வியில் இருக்கிறது. பல டீம்கள் அதைப் பழகாமலே வந்துவிடுகின்றன.

டிபேட் பிள்ளைகள் சறுக்குவது கருத்து சொல்லும் 3 நிமிடத்தில். ஐந்தாறு ஆட்சேபங்களை அடுக்குவார்கள். எதிரணிக்கும் பதில் சொல்ல 3 நிமிடம்தான், எதுவும் ஆழமாகப் போகாது. பார்வை மங்கிய தாத்தாவின் கார் சாவியை மகன் ஒளித்துவைக்கலாமா என்று ஒரு கேஸ் வருகிறதென்று வையுங்கள். "தாத்தாவின் சுதந்திரத்தை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை" என்றால் அது குற்றச்சாட்டு. "சாலையில் போகிறவர்களின் பாதுகாப்பை முன்னால் வைத்தீர்கள், சரி. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் மகனுக்கும் அதே காரணம் பொருந்துமா? பொருந்தாதென்றால், ஏன்?" என்று கேட்டால் எதிரணி யோசித்தே ஆகவேண்டும். அப்படி ஒன்றிரண்டு போதும்.

சனிக்கிழமை_கோச்:
கேஸ்களை ஆளுக்கு மூன்றாகப் பங்கு போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எந்தக் கேஸ் என்பது ரவுண்டில்தான் தெரியும், குறிப்பு எதுவும் கொண்டுபோக முடியாது, வெற்றுத்தாள் மட்டும்தான். எல்லாரும் எல்லாக் கேஸையும் படித்திருக்க வேண்டும்.

உரைக்கு முன் கலந்துபேச 2 நிமிடம், பேச 5 நிமிடம். அதில் பாதியைக் கேஸின் கதையைச் சொல்லியே கரைத்துவிடுவார்கள். ஜட்ஜ்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ரவுண்டை நடத்தும் மாடரேட்டர் கேட்ட கேள்விக்கு முதல் அரை நிமிடத்திலேயே நேரடிப் பதில் வரவேண்டும். அப்புறம் காரணம், அப்புறம் தங்கள் நிலைப்பாட்டுக்கு எதிரான வலுவான வாதத்தைத் தாங்களே எடுத்துப் பேச வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிக்கு ஒன்றரை நிமிடமாவது ஒதுக்குங்கள். காண்ட், மில் என்று தத்துவ அறிஞர்களின் பெயர் சொல்வதற்குத் தனி மார்க் இல்லை, கொள்கையை விளக்கிக் கேஸில் பொருத்தினால்தான் பலன்.

ஜட்ஜ் கேள்விக்கு 10 நிமிடம், மூன்று ஜட்ஜ். நீங்கள் மூன்று பெற்றோர் உட்கார்ந்து கேளுங்கள். கேஸில் ஒரே ஒரு விவரத்தை மாற்றிக் கேட்பதுதான் நல்ல பயிற்சி: தாத்தா ஊரின் ஒரே டாக்டராக இருந்தால்?

கேரி_அப்பா:
ரொம்ப நன்றிங்க. ஜட்ஜ் கேள்விக்குப் பதில் சொல்லும்போது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டால் மார்க் போகுமா?

நடுவர்_மேசை:
காரணத்தோடு மாற்றினால் போகாது. எது அப்படியே நிற்கிறது, எதை விட்டுக்கொடுக்கிறார்கள், எதனால் என்று மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் மாற்றிச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் பழைய நிலைப்பாட்டையே பேசினால்தான் சிக்கல். பதிலுக்கு முன் அந்தச் சில விநாடிகளில் தலையைச் சேர்த்துக் கலந்துபேசப் பழக்குங்கள்.