குளிர்கால ஈற்றுக்குப் பண்ணையைத் தயார்படுத்துதல்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பண்ணையின் சினைமாடுகளில் பெரும்பாலானவை கடுங்குளிரின் பிற்பகுதியில் ஈனவிருப்பதால், அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை நாடுகிறேன்.

காற்றுத்தடுப்பு வேலியும் உலர்ந்த வைக்கோல் படுக்கையும் தயாராகிவிட்டன. தண்ணீர்த் தொட்டி உறையாதிருக்கவும் ஏற்பாடு செய்தாயிற்று. என் கவலையெல்லாம் தலையீற்றுக் கிடேரிகளைப் பற்றியதுதான். விலா எலும்பு தெரியத் தொடங்கிய சிலவற்றைத் தனியே பிரித்து அடர்தீவனம் கொடுத்து வருகிறேன். மாட்டின் சதைப்பிடிப்பைக் கணிக்கும் 9 புள்ளி உடல்நிலை அளவீட்டில் (1 மிக மெலிந்தது, 9 மிகக் கொழுத்தது) அவற்றை 4-லிருந்து 6-க்குக் கொண்டுவர, ஈற்றுக்கு முந்தைய 2 மாதங்கள் போதுமா?

மாலையில் தீவனமிட்டால் பகலில் ஈனும் மாடுகள் கூடும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. இதற்கு எத்தனை வாரம் முன்பே பழக்க வேண்டும், நள்ளிரவில் விளக்கும் கையுமாக அலைவது உண்மையிலேயே குறைகிறதா என்பதைச் செய்து பார்த்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஈரம் உலராமல் நடுங்கும் கன்று, எழுந்து மடியைத் தேடாமல், வாயில் விரலை வைத்தாலும் சப்பாமல் கிடந்தால், முதல் சில மணி நேரத்துக்குள் சேர வேண்டிய சீம்பால் தவறிவிடுகிறது. அத்தகைய கன்றை முதலில் வெதுவெதுப்பாக்கிய பிறகுதான் புகட்டுகிறீர்களா? உறைய வைத்த சீம்பாலை அதன் சத்துக் கெடாமல் எவ்வாறு இளக்குகிறீர்கள்? பிரித்து வைத்த கன்றைத் தாய் மீண்டும் சேர்த்துக்கொள்ள என்ன செய்கிறீர்கள்? கழிச்சல் தடுப்பூசி, தொப்புளுக்கு அயோடின் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்துவிட்டேன்.