ஆட்டிசம் யார் பக்கத்திலிருந்து வருகிறது?

கொளத்தூர் அம்மா:
பையனுக்கு மூன்றரை வயது, போன மாதம்தான் ஆட்டிசம் என்று சொன்னார்கள். கார் பொம்மையைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றுவான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் அடுத்த ரூமில் பிஸ்கட் கவர் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடி வருவான். மாமியார் "மாசமா இருந்தப்போ ராத்திரியெல்லாம் லேப்டாப், அதான்" என்கிறார். அம்மாவோ, "மாப்பிள்ளையோட சித்தப்பா அஞ்சு வயசு வரைக்கும் பேசலையாம்" என்கிறார். இது பரம்பரையா? இரண்டாவது குழந்தைக்கும் வருமா?

பழைய உறுப்பினர்:
லேப்டாப்பை முதலில் விடுங்கள். ஒரு காலத்தில் அம்மா பாசம் காட்டாததால் வருகிறது என்று டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1977இல் இங்கிலாந்தில் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இரட்டையரில் ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த 21 ஜோடிகளைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அதனால் ஜீன்களும் ஒரே மாதிரி இருக்கிற 11 ஜோடிகளில் நான்கில் இரண்டு பேருக்குமே ஆட்டிசம், மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஜீனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் ஜீன் என்றால் பரம்பரை என்று மட்டும் அர்த்தமில்லை. சில குழந்தைகளுக்கு அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத மாற்றம் புதிதாக வரும். பலருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சின்னச் சின்ன மாற்றங்கள் நிறைய வந்து சேரும். சித்தப்பா ஒருத்தரைப் பிடித்துத் தொங்குவதில் பிரயோஜனமில்லை.

ராமநாதன்:
மூளைப் பக்கம் ஒரு விஷயம். ஷாங்க்3 மாதிரி சில ஜீன்கள் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளைக் கட்டுகின்றன. குழந்தைக்கு இந்தச் சந்திப்புகள் தேவைக்கு மேல் முளைத்து, வளர வளரக் கழிக்கப்படும். இறந்தவர்களின் மூளையை வைத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2014இல் பார்த்ததில், ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்தக் கழிப்பு குறைவாக நடந்திருந்தது. அதனால்தான் மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், அவ்வளவு நேராகக் கோடு போட முடியாது.

இரண்டு பையன்களின் அம்மா:
இரண்டாவது குழந்தை பற்றி: மூத்ததுக்கு இருந்தால் அடுத்ததுக்கு வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதற்கு முன்னால் ஜெனடிக்ஸ் டாக்டரைப் பார்த்து, பையனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ் (எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனின் கோளாறு), மைக்ரோஅரே (குரோமோசோமில் சின்னத் துண்டுகள் குறைந்தோ கூடியோ இருக்கிறதா என்று பார்ப்பது) டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஃப்ரஜைல் எக்ஸ் இருந்தால் அது அம்மாவிடம் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். எங்கள் பெரியவனுக்கு எல்லாமே நார்மல் என்றுதான் ரிப்போர்ட் வந்தது, அப்படி வந்தால் ஆட்டிசம் இல்லை என்று ஆகிவிடாது, ஸ்பீச் தெரபியை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கிற ஒரே குறை குழந்தையிடம் சேரலாம்.

கொளத்தூர் அம்மா:
அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன் அக்கா. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அத்தையிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். லேப்டாப் பேச்சு நின்றது, இப்போது மொட்டை மாடி டவர் என்கிறார்.