ஆக்சுவரி படிப்பில் மகளைச் சேர்க்கலாமா?

வலங்கைமான் தந்தை:
என் மகள் கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்து பி.எட். சேர்த்துவிடலாம் என்று நாங்கள் இருந்தோம். அவளோ ஆக்சுவரி தேர்வுகளை எழுதப் போவதாகச் சொல்கிறாள். காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு பிரீமியம் வாங்க வேண்டும், பின்னாளில் தர வேண்டிய தொகைக்காக இன்று எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்கிடும் வேலை என்பது வரை எனக்குப் புரிகிறது. 3 ஏக்கர் சாகுபடியை நம்பியிருக்கும் குடும்பம் இதில் இறங்கலாமா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

குடந்தை கணித ஆசிரியர்:
வேண்டாம் ஐயா. இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் நடத்தும் நுழைவுத் தேர்வு வெறும் வாசற்படிதான். அதைத் தாண்டிய பிறகு பத்துக்கும் மேற்பட்ட தாள்களைத் தேறினால்தான் ஃபெலோ, அதாவது முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரி, ஆக முடியும். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், வகுப்பில் முதலாவதாக வந்தவன், நுழைவுத் தேர்வில் தேறிச் சென்னையில் அறை எடுத்துத் தங்கி, ஒரே தாளில் மூன்று முறை தோற்று, இப்போது வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் பெற்றோர் நகையை அடகு வைத்ததை நான் அறிவேன். பி.எட். முடித்தால் மாவட்டத்துக்குள்ளேயே ஏதாவதொரு பள்ளியில் வேலை கிடைக்கும்.

மும்பையில் பணிபுரியும் மன்னார்குடிக்காரர்:
ஆசிரியர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. நானும் ஒரு தாளில் இரண்டு முறை தோற்றவன்தான். ஆனால் அந்த மாணவனைச் சாய்த்தது படிப்பா, வேலையில் சேராமல் அறையில் அடைந்து படித்த முறையா என்று யோசிக்க வேண்டும். தொடக்கத் தாள்கள் இரண்டு மூன்றைத் தேறியதும் வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே மற்றவற்றை எழுதுவதுதான் இத்துறையின் வழக்கம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமும் அன்று. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும்போது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காட்டை மட்டும் நாம் கட்டுகிறோம், மீதிப் பிரீமியத்தை அரசுகள் கட்டுகின்றன. அறுவடையின்போது 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுகிறார்களே, அந்த எடைகளிலிருந்து வரும் சராசரி விளைச்சலைக் கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியிலிருந்து வகுத்த வரம்போடு ஒப்பிட்டுத்தான் இழப்பீடு தீர்மானமாகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் தென்னைகள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். இப்படியோர் இழப்பு எத்தனை ஆண்டுக்கொரு முறை வரும் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் புகுந்தது.

குடந்தை கணித ஆசிரியர்:
தம்பி, வயல் மீதுள்ள பற்று வேறு, ஆண்டுக்கணக்கில் தேர்வு எழுதும் பொறுமை வேறு. வேலைகளில் பெரும்பகுதி மும்பையிலும் பெங்களூரிலும் குருகிராமிலும் இருக்கிறது என்பதையும் பெற்றவர் அறிந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கணக்கில் மதிப்பெண் வருகிறதா, அல்லது கணக்கே பிடிக்கிறதா? இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மும்பையில் பணிபுரியும் மன்னார்குடிக்காரர்:
சரியான கேள்வி ஐயா. அவரிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள்: 20 ஆண்டு கழித்து உயிரோடு இருப்பவருக்கு 1 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்பந்தம், வட்டி 7 விழுக்காடு, 1,000 பேரில் 900 பேர் அதுவரை இருப்பார்கள். இன்று ஒருவரிடம் எவ்வளவு வாங்க வேண்டும்?

வலங்கைமான் தந்தை:
நேற்றிரவு கொடுத்தேன். உரக்கடை ரசீதின் பின்புறத்தில் 7 விழுக்காடு கூட்டு வட்டியில் 20 ஆண்டில் 1 லட்சமாக வளர இன்று போட வேண்டிய தொகை 25,842 என்று எழுதி, அதில் பத்தில் ஒன்பது பங்காக 23,258 ரூபாய் என்றாள். அதோடு நிறுத்தாமல், 900 பேர் என்ற எண்ணை யார் சொன்னது, அது 930 ஆனால் நிறுவனம் என்ன செய்யும் என்று என்னையே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியர் ஐயாவின் எச்சரிக்கையை மனத்தில் வைத்து, பி.எட். விண்ணப்பத்தையும் போடச் சொல்லியிருக்கிறேன். நுழைவுத் தேர்வுக்கான கட்டணத்தை இந்த வாரமே கட்டுகிறோம். சென்னையில் அறை எடுப்பதில்லை, வீட்டிலிருந்தே படிக்கட்டும்.