மறுமொழி: கலைச்சொல் தேவை – 'டிலேய்ட் இம்ப்ளான்டேஷன்' (கரடிக் கையேட்டுக்காக)

நண்பர்களுக்கு வணக்கம்.

கரடிகள் பற்றிய கையேட்டில் வரும் 'டிலேய்ட் இம்ப்ளான்டேஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நண்பர் ஒருவர் தொடங்கிய இந்த இழையில் வந்த எல்லா மடலையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் வாக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரு வளராமல் காத்திருக்கும் நிலைக்கு 'கருவோய்வு'. அதனால் கரு கருப்பையில் பதிவது தள்ளிப்போகிறதே, அதற்கு 'ஒத்திவைத்த கருப்பதிவு'. ஒரு சொல் கேட்டால் இரண்டு தருகிறாரே என்று யாரும் கோபிக்க வேண்டாம். மடல் நீளமாகத்தான் இருக்கும்.

> 'தாமதக் கருப்பதிவு' என்றே போட்டுவிடலாமே. மூலத்தில் இருப்பதும் அதுதானே?

மூலத்தில் இருப்பது அதுதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் தமிழில் ஒன்றைத் தாமதம் என்று சொன்னால், அது முன்பே நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை என்று பொருள். கரடிக்குள் அப்படி எந்த நேரமும் தவறவில்லை.

பழுப்புக் கரடியை எடுத்துக்கொள்வோம். மே முதல் ஜூலை வரை இணைசேரும் காலம். கருவுற்ற முட்டை பல செல்களாகப் பிரிந்து பிளாஸ்டோசிஸ்ட் என்ற சின்னப் பந்தாகிறது. அந்தக் கட்டத்தோடு வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கருப்பைச் சுவரில் ஒட்டாமல், உள்ளே இருக்கும் திரவத்தில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. தாய் கோடை முழுக்கத் தின்கிறது, இலையுதிர் காலத்தில் இன்னும் வெறியாகத் தின்கிறது, உடம்பில் கொழுப்பு ஏறுகிறது. நவம்பர் கடைசி வாக்கில், தாய் குகைக்குள் அடங்கும் காலத்தை ஒட்டி, இரத்தத்தில் புரோஜெஸ்ட்டிரோன் என்ற சினைக்கால ஹார்மோன் உயர்கிறது, கரு பதிகிறது. அதற்குப் பின் இரண்டே மாதம். ஜனவரி, பிப்ரவரியில் கண் திறக்காத, அரைக் கிலோ எடையுள்ள குட்டிகள் பிறக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சினைக்காலம் ஆறு முதல் எட்டு மாதம். அதில் கரு உண்மையில் வளர்ந்த காலம் ஏறக்குறைய 60 நாள்தான்.

இது ஆண்டுதோறும் இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. இதைத் தாமதம் என்றால், கையேட்டைப் படிக்கும் வனக் காவலர் இதை ஒரு நோய் என்றோ, சத்துக்குறைவால் வரும் கோளாறு என்றோ எடுத்துக்கொள்வார். மனித மருத்துவத்திலும் கரு சில நாள் பிந்திப் பதிவதைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே 'தாமதம்' சரியான சொல். அதை அந்தத் துறைக்கே விட்டுவிடலாம்.

'ஒத்திவைப்பு' வேறு. ஒருவர் ஒன்றை ஒத்திவைக்கிறார் என்றால் அவர் வேண்டுமென்றே தள்ளி வைக்கிறார், பிறகு நடத்தவும் செய்யலாம், நடத்தாமல் கைவிடவும் செய்யலாம். இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியம். கரடியின் உடல் கருவைக் கைவிடவும் செய்கிறது.

வளர்ப்பிடத்தில் இருந்த பழுப்புக் கரடிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2012ல் வெளிவந்தது. குளிர்கால உறக்கம் தொடங்கும்போது உடல் கொழுப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்த பெண் கரடிகள், கோடையில் இணைசேர்ந்திருந்தும் குட்டி போடவில்லை. கொழுத்த தாய்கள் முன்கூட்டியே ஈன்றன, அவற்றின் குட்டிகள் குகையைவிட்டு வரும்போது பெரிதாகவும் இருந்தன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். குகைக்குள் தாய்க்குச் சாப்பாடும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. தன் உடம்பைக் கரைத்துத்தான் கருவை வளர்க்க வேண்டும், பிறந்த பின் கொழுப்பு மிகுந்த பாலும் கொடுக்க வேண்டும். அந்தக் கையிருப்பு இல்லாவிட்டால் கரு பதியாமலே போவது தாய்க்கு நல்லது. கோடையிலேயே பதிந்து வளர்ந்திருந்தால், பஞ்சம் வந்த ஆண்டில் குட்டியோடு தாயும் போயிருக்கும்.

பனிக்கரடிக்கு இது இன்னும் கடுமை. ஏப்ரல், மே மாதங்களில் கடல் பனிமேல் இணைசேர்கிறது, கரு இலையுதிர் காலத்தில் பதிகிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் பனி உருகியதும் கரையேறும் சினைக்கரடி, குட்டிகளோடு திரும்பப் பனிக்குப் போகும்வரை ஏறக்குறைய எட்டு மாதம் பட்டினி கிடக்கிறது. பனி முன்கூட்டியே உருகினால் கடல்நாய் வேட்டை நாட்கள் குறையும், வேட்டை குறைந்தால் கொழுப்பு குறையும், கொழுப்பு குறைந்தால் வசந்தத்தில் இணைசேர்ந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். பருவநிலை மாற்றம் கரடிகளின் எண்ணிக்கையைத் தொடும் முக்கிய வழிகளில் ஒன்று இது. வளர்ந்த கரடி பட்டினியால் செத்து விழுவதற்கு வெகு முன்பே, பிறக்க வேண்டிய குட்டி பிறக்காமல் போய்விடுகிறது. பிணம் கிடைக்காத இழப்பு என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

கையேட்டில் இந்தச் சொல் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று கேள்வி கேட்ட நண்பர் சொல்லவில்லை. இனப்பெருக்கம் பற்றிய பகுதியில் ஒரு வரியாக வந்துபோனால் எந்தச் சொல் போட்டாலும் பெரிய கேடில்லை. ஆனால் கணக்கெடுப்பு, வாழிடப் பாதுகாப்பு ஆகிய பகுதிகளில் வந்தால், கோடையில் இத்தனை ஜோடி பார்த்தோம், வரும் ஆண்டு இத்தனை குட்டி என்று யாரும் கூட்டிவிடாதபடி சொல் இருக்க வேண்டும். கரடியின் அடுத்த தலைமுறை இலையுதிர்கால உணவில்தான் நிற்கிறது. ஓக் கொட்டை விளையாத ஆண்டுக்குப் பின் அமெரிக்கக் கருங்கரடிகள் ஈனும் குட்டிகள் குறைந்துபோவது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. பழக்காட்டையோ, சால்மன் ஏறும் ஆற்றையோ, கொட்டை மரங்களையோ இழந்தால் கருப்பையையே இழந்த மாதிரிதான்.

சரி, மற்றப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> 'கருத்துயில்' அழகாக இருக்கிறது. குளிர்காலத் துயிலோடும் பொருந்துகிறது.

காதுக்கு அழகுதான். கண்ணுக்குத்தான் சிக்கல். 'கருத்துயில்' என்று சேர்த்து எழுதினால் கருத்து + உயில் என்று பிரிகிறது! யாரோ தன் கருத்துகளை உயிலாக எழுதிவைத்தது போல. அதே நண்பர் அடுத்துச் சொன்ன 'கருவுறக்கம்' இன்னும் ஆபத்து. கருவுறுதல், கருவுற்ற, கருவுறாத என்று பாடநூல் முழுக்கப் பழகிய கண், 'கருவுற' வரை படித்ததும் வேறு பக்கம் போய்விடும். கருவுற்றபின் நடக்கும் ஒன்றுக்குக் கருவுறுதலின் சாயலில் பெயர் வைத்தால் மாணவர்கள் பாவம்.

துயில், உறக்கம் இரண்டிலும் எனக்கு இன்னொரு தயக்கம் உண்டு. கரடி என்றாலே குளிர்கால உறக்கம் நினைவுக்கு வருவதால், தாய் தூங்குகிறது, அதனால் கருவும் தூங்குகிறது என்று வாசகர் முடிச்சுப் போடுவார். நடப்பது ஏறக்குறைய நேர் எதிர். தாய் ஓடியாடித் தின்னும் கோடையில் கரு சும்மா கிடக்கிறது. தாய் அடங்கியதும் கரு வேலையைத் தொடங்குகிறது. உறங்கும் தாய்க்குள்தான் குட்டி வளர்கிறது, உறக்கத்தின் நடுவில்தான் பிறக்கிறது, பாலும் குடிக்கிறது.

> சினை என்பதுதான் விலங்குக்கு உரிய சொல். 'சினைத்தாமதம்' என்று வைக்கலாம்.

சினை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கையேட்டில் மற்ற இடங்களில் கர்ப்பிணிக் கரடி என்று எழுதாமல் சினைக்கரடி என்றும், பிரசவம் என்று எழுதாமல் ஈனுதல் என்றும் எழுதினால் எவ்வளவோ நன்றாக இருக்கும். ஆனால் மாடு வளர்ப்பவர்களிடம் சினைத்தாமதம் என்று சொல்லிப் பாருங்கள். பருவத்துக்கு வந்தும் சினை பிடிக்கவில்லை, ஊசி போட்டும் நிற்கவில்லை என்றுதான் புரிந்துகொள்வார்கள். இங்கே சினை பிடித்தாகிவிட்டது, பதியவில்லை, அவ்வளவுதான். தவிர, சினைப்பை, சினைமுட்டை என்று அந்தச் சொல் ஏற்கெனவே முட்டையின் பக்கம் போய்விட்டது.

> வண்டி நின்று போகும் இடத்தை இலங்கையில் தரிப்பிடம் என்போம். கருவும் நின்று போவதால் 'கருத்தரிப்பு நிலை' பொருந்துமா?

இந்த மடலைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மகிழ்ச்சியில்தான். தரித்தல் என்றால் நின்று தங்குதல். கருவை ஏற்பதும் தரித்தல்தான். இரண்டும் ஒரே வேரில் இருப்பது அருமையான பொருத்தம். அந்தப் பொருத்தமே சொல்லைக் கெடுக்கிறது, கருத்தரிப்பு என்று பார்த்தவுடன் எல்லோரும் அதன் வழக்கமான பொருளைத்தான் எடுப்பார்கள். 'கருத்தங்கல்' என்ற பரிந்துரைக்கும் இதே கதி. வீட்டில் பெரியவர்கள் "கரு தங்கலை" என்று சொல்வது எதை? நாம் எதிர்ப்பொருளில் வைக்கப் பார்க்கிறோம்.

'கருவோய்வு'க்கு வருவோம். ஓய்வு என்றால் பணி ஓய்வு, திரும்பி வராதது என்று ஒருவர் எழுதியிருந்தார். பணி என்ற முன்னொட்டு இல்லாத ஓய்வு அப்படியில்லையே. ஓய்வெடுத்துவிட்டு வருகிறேன் என்கிறோம். வேலை நின்றிருக்கிறது, ஆள் உயிரோடு இருக்கிறார், மறுபடி தொடங்குவார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சேர்த்து எழுதினாலும் வேறு மாதிரிப் பிரியாது. கருவோய்வுக் காலம், கருவோய்வுள்ள விலங்குகள் என்று நீட்டினாலும் நாக்கு தடுக்கவில்லை.

இரண்டு சொல் ஏன் என்றால், மூல நூல்களிலேயே இரண்டு பெயர் இருக்கின்றன. கருவின் நிலையைக் குறிக்க 'எம்ப்ரியானிக் டயபாஸ்', அதன் விளைவைக் குறிக்க 'டிலேய்ட் இம்ப்ளான்டேஷன்'. பலர் இரண்டையும் கலந்துதான் எழுதுகிறார்கள். நாமாவது பிரித்து வைப்போம். பொதுவாசகருக்கான இடங்களில் கருவோய்வு ஒன்றே போதும்.

வரையறையில் கரடியையும் குளிர்காலத்தையும் கட்டிப்போடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இது முதலில் தெளிவாக விளக்கப்பட்டது ஐரோப்பாவின் ரோ மானில், 1854ல், பிஷோஃப் என்ற ஜெர்மானியரால். இன்று 130க்கும் மேற்பட்ட பாலூட்டிகளில் தெரியும். கடல்நாய்கள், கீரி போன்ற உருவமுள்ள மிங்க், ஐரோப்பிய வளைக்கரடி எல்லாம் பட்டியலில் உண்டு. (அந்தக் கடைசிப் பெயரில் கரடி இருப்பதை நம்பி அதைக் கரடி இனத்தில் சேர்த்துவிடாதீர்கள், அதற்கு ஒரு தனி இழையே வேண்டும்.) கங்காருவில் கதை வேறு. பையில் ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தால்தான் அடுத்த கரு ஓய்கிறது. ரோ மானிலும் கரடியிலும் எப்போதும் நடப்பதை 'கட்டாயக் கருவோய்வு' என்றும், கங்காருவிலும் எலியிலும் நிலைமையைப் பொறுத்து நடப்பதை 'சூழ்நிலைக் கருவோய்வு' என்றும் சொல்லலாம்.

கரடிகளுக்குள்ளேயே ஒரே அளவு கிடையாது. ராட்சதப் பாண்டா குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை, ஆனால் கருவோய்வு உண்டு. அதனால்தான் இணைசேர்ந்ததிலிருந்து ஈனும்வரை ஒரு பாண்டாவுக்கு மூன்று மாதம், இன்னொன்றுக்கு ஐந்து மாதம் என்று ஆகிறது. பிறக்கும் குட்டி 100 கிராம் அளவு, தாயின் எடையில் ஏறக்குறைய 900ல் ஒரு பங்கு. போதாததற்குப் பொய்ச்சினை வேறு. சினையில்லாத பாண்டாவின் புரோஜெஸ்ட்டிரோனும் சினைப்பாண்டாவுடையதைப் போலவே ஏறி இறங்கும். அதைப் பார்த்து ஏமாந்த உயிரியல் பூங்காக்கள் பல. வெப்பமண்டலத்துச் சூரியக் கரடி ஆண்டின் எந்த மாதத்திலும் ஈனுகிறது, பூங்காக்களில் அதன் சினைக்காலம் பெரும்பாலும் 95 நாள் அளவுதான். ஆகவே 'எல்லாக் கரடிகளுக்கும் ஆறு மாதக் கருவோய்வு' என்ற வாக்கியம் கையேட்டில் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். உலகின் எட்டுக் கரடி இனங்களில் ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் 'அழிவாய்ப்பு' நிலையில் இருப்பவை ஆறு; பாண்டாவும் சூரியக் கரடியும் அதில் அடக்கம். பாதுகாப்பு தேவைப்படும் இனங்களைப் பற்றித்தான் துல்லியமாக எழுத வேண்டியிருக்கிறது.

வரையறைக்கு என் வரைவு:

கருவோய்வு: பாலூட்டிகளில் கருவுற்ற முட்டை பிளாஸ்டோசிஸ்ட் கட்டத்தை எட்டியபின், கருப்பையில் பதியாமல், வளர்ச்சி நின்றோ மிக மெதுவாகவோ உயிருடன் இருக்கும் நிலை. இதன்பின் கரு பதிந்து வளரலாம், அல்லது தாயின் உடல்நிலையைப் பொறுத்துப் பதியாமலே அழியலாம்.

இரண்டாம் வாக்கியத்தை நீளம் கருதி யாரும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று பாக்கி. ஓய்ந்திருந்த கரு மறுபடி வளரத் தொடங்குவதற்கும் சொல் வேண்டும். 'மீள்தொடக்கம்' கணினி வாடை அடிக்கிறது. 'கருவெழுச்சி' கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது. 'கரு விழிப்பு' என்றால் நான் வேண்டாம் என்று சொன்ன உறக்கம் பின்வாசல் வழியாக வந்துவிடும். கால்நடை மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது நடைமுறையில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். கையேடு அச்சுக்குப் போகும் முன் முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்